வீடு மாறிய மரண அறிவிப்புகள்

இலுப்பூர் கடைவீதியில் என் உரக்கடைக்கு அடுத்த கடை ஜெரால்டுடையது. ஜெராக்ஸ், பட்டா, வருமானச் சான்று, ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டில் எட்டு வரி எழுதியிருக்கும். அவனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பான். பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்து நாலாம் தடவையும் இழுப்பான். விண்ணப்பத்தில் ஒருவர் பெயரை அடித்துவிட்டு அவரையே மூன்று முறை படிக்கச் சொல்வான். "எம் பேரு எனக்குத் தெரியாதாய்யா" என்று அவர்கள் என் கடைக்கு வந்து அவனைத் திட்டுவார்கள். நானும் சேர்ந்து திட்டுவேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவன் இப்படி இல்லை. ஏன் இப்படி ஆனான் என்று தெரிந்தவன் நான். தெரிந்தும் திட்டுவேன், என் வாய் அப்படி.

ஜெரால்டுக்குச் சொந்த ஊர் ஆவூர். அங்கே வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ குவைத்திலோ இருப்பார்கள். இவனும் சின்ன வயதில் மலேசியாவுக்கு ஓட்டல் வேலைக்குப் போனவன்தான். அங்கே இருந்தபோது இவன் அப்பா இறந்துபோனார். சேதி இவனுக்கு வந்து சேர்ந்தது அடக்கம் முடிந்து எட்டாம் நாள்.

"எட்டு நாளும் நல்லா தின்னுட்டு, சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்திருக்கேண்ணே. அப்பா மண்ணுக்குள்ள கெடக்குறாரு" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

ஊர் திரும்பிக் கடை போட்டதும் ஒரு வலைப்பூ ஆரம்பித்தான். கதை, கவிதை, சமையல் குறிப்பு எதுவும் அதில் கிடையாது. ஆவூர் மாதா கோயில் பங்கில் யார் இறந்தாலும் பெயர், வயது, விட்டுச் சென்றவர்கள் யார், அடக்கம் எத்தனை மணிக்கு என்று நாலு வரி. அவ்வளவுதான். மெயில் முகவரி கொடுத்து வைத்தவர்களுக்கு அந்த நாலு வரி உடனே போய்விடும். அப்படி அறுநூறு பேர் கொடுத்திருந்தார்கள். ஆவூரில் அடிக்கும் துக்க மணி குவைத்தில் கேட்காது என்பதால் இந்த ஏற்பாடு.

2013-ல் ஒரு நாள், கடலைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த ஜெயராணி என்பவரை விரியன் கடித்துவிட்டது. அப்போது அவருக்கு முப்பத்து நாலு வயது. கணவர் அலெக்ஸ் குவைத்தில் கட்டட வேலையில் இருந்தார். ஆட்டோவில் போட்டுத் திருச்சிக்குக் கொண்டு போனார்கள். கூடப் போய்த் திரும்பிய ஒருத்தர் பஸ்ஸை விட்டு இறங்கியதும், எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். கோயில் மணி அடிக்கவில்லை. மணி அடிக்கிற உபதேசியாரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சமயத்தில் இளவட்டங்கள் பேஸ்புக்கில் இரங்கல் போட்டு இவனை முந்த ஆரம்பித்திருந்தார்கள். தான்தான் முந்த வேண்டும் என்ற கொழுப்பு இவனுக்கு. போட்டுவிட்டான்.

ஜெயராணி பிழைத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் நடந்தே வீட்டுக்குள் வந்தார். ஆனால் அந்த நாலு வரியைப் படித்த அலெக்ஸ், தங்கியிருந்த கேம்ப்பின் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார். கூட இருந்தவர்கள் இடுப்பைக் கட்டிப்பிடித்து இறக்கியிருக்கிறார்கள். ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால் ஜெரால்டு எழுதிய பொய்க்கு ஒரு நிஜச் சாவு விழுந்திருக்கும். இதைக் கேள்விப்பட்ட அன்றைக்குப் புகுந்த பயம்தான், ஷட்டரை நாலு தடவை இழுக்க வைக்கிறது.

அந்த அறிவிப்பை யார் கண்ணுக்கும் படாமல் டிராஃப்டில் எடுத்து வைத்தான். அழிக்கவில்லை. ஏனடா என்று கேட்டதற்கு, "அழிச்சுட்டா பண்ணாத மாதிரி ஆயிரும்ணே" என்றான். வருடா வருடம் பெரிய வெள்ளியன்று அதைத் திறந்து ஒரு தடவை படிப்பான். சாமியார் யாரும் விதித்த தண்டனை இல்லை, தனக்குத்தானே விதித்துக்கொண்டது. அதற்குப் பிறகு மணிச் சத்தம் காதில் விழாமல் ஒரு வரி எழுதியதில்லை. ஆவூரில் துக்க மணி அடிக்கும்போது உபதேசியார் இவனுக்குப் போன் போட்டு, போனை மணிக்கூண்டுப் பக்கம் நீட்டிப் பிடிப்பார். இவன் இலுப்பூரில் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்காருவான்.

அலெக்ஸ் அதற்கப்புறம் இவனோடு பேசவில்லை. லீவில் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஆனால் மெயில் பட்டியலில் இருந்து தன் பெயரை எடுக்கவும் இல்லை. திட்டிவிட்டுப் போயிருந்தால்கூட ஜெரால்டு தாங்கியிருப்பான். இந்த மனுஷன் எதற்காக இன்னும் தன் எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அவனை அரித்தது.

இந்த வருடம் அந்த இலவசத் தளத்துக்காரர்கள், மாதக் கடைசியோடு கடையை மூடுகிறோம், அவரவர் எழுதியதை அவரவர் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஜெரால்டுக்கு மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு அறிவிப்புகள். முதலில் எல்லாவற்றையும் பேப்பரில் அச்சடித்துக் கட்டினான். பிறகு பென் டிரைவில் ஏற்றி ஒன்றை வீட்டிலும் ஒன்றை என் கல்லாப்பெட்டியிலும் வைத்தான். "செத்தவங்க எங்கயும் போயிற மாட்டாங்கடா" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

புதிதாக ஒரு தளத்தைப் பிடித்தான். பழைய இடத்தில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கி, புதிய இடத்தில் ஏற்றினால் போதும் என்றார்கள். இங்கேதான் அவன் ஒரு காரியம் செய்தான். நம் பக்கம் வீடு மாறும்போது எப்படி மாறுவோம்? முதலில் சாமி படமும் உப்பும் போகும். பிறகு ஆட்கள் போய்ப் பால் காய்ச்சிக் குடிப்போம். கட்டில், பீரோ எல்லாம் அதற்கப்புறம்தான் வண்டியேறும். ஆள் இல்லாத வீட்டில் சாமானை இறக்குவது ஆகாது. ஜெரால்டும் புதுத் தளத்தில் முதலில் மாதா படத்தைப் போட்டான். அடுத்து அறுநூறு பேரின் மெயில் முகவரிகளையும் குடியேற்றினான். ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, நெட் நன்றாக இருக்கிற நேரம் என்று கடையைத் திறந்து, கடைசியாக அந்தக் கோப்பை ஏற்றினான்.

நான் அப்போது யூரியா மூட்டையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் அவன் போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. எட்டிப் பார்த்தேன். ஏற்றிய ஒவ்வொரு அறிவிப்பையும் அந்தத் தளம் இன்றைய தேதி போட்டுப் புதுச் சேதியாக எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே குடியேறி உட்கார்ந்திருந்த அறுநூறு பேருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. பதினைந்து வருடத்துச் சாவும் அன்றைக்கு ஒரே காலையில் விழுந்தது. சிங்கப்பூரில் அப்போது எட்டரை மணி. 'அண்ணே, எங்கப்பா செத்து ஏழு வருஷம் ஆச்சு, மறுபடியும் அடக்கமா?' என்று ஒருத்தர் எழுதியிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெரால்டும் லேசாகச் சிரிக்கப் பார்த்தான். அப்புறம் அவன் முகம் மாறியது.

"அண்ணே, டிராஃப்டு" என்றான்.

தன் மெயிலைத் திறந்து கீழே கீழே தள்ளினான். இருந்தது. டிராஃப்டில் கிடந்ததையும் அந்தக் கோப்பு சேர்த்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. நானும் படித்தேன். 'ஆவூர் அலெக்ஸ் அவர்களின் மனைவி ஜெயராணி (34) இன்று விஷக்கடியால் இறைவனடி சேர்ந்தார். கணவரையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டுச் செல்கிறார். அடக்கம் பின்னர் அறிவிக்கப்படும்.' மேலே அன்றைய தேதி.

தளத்தில் இருந்து அதை நீக்கினான். ஆனால் போன மெயில் போனதுதான். 'தவறு, நம்ப வேண்டாம்' என்று ஒரு மெயில் தட்டினான். இன்றைக்கு அனுப்பக்கூடிய அளவு முடிந்துவிட்டது, நாளை முயலவும் என்று வந்தது. குவைத்தில் நாலு மணி ஆகப்போகிறது. வெயிலுக்கு முன்னால் வேலை தொடங்குகிறவர்கள் எழுந்து போனைப் பார்க்கிற நேரம்.

"மாடிக்கு ஏறிருவான்ணே. மறுபடியும் ஏறிருவான்" என்றான்.

அலெக்ஸின் நம்பர் அவனிடம் இருந்தது, ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டான். ஸ்விட்ச் ஆஃப். ஜெயராணியைக் கூப்பிட்டான். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அலெக்ஸ். மறுபடியும் ஜெயராணி. கடிகாரம் ஆறரையைத் தாண்டியது. அந்த நேரத்தில் அவன் போன் தானாக அடித்தது. திரையில் 'உபதேசியார்' என்று இருந்தது.

உபதேசியார் காலை ஆறரைக்குக் கூப்பிட்டால் அதற்கு ஒரே காரணம்தான். ஜெரால்டு போனை மேஜையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"எடுடா" என்றேன்.

"மாட்டேண்ணே. எடுத்தா மணி கேக்கும்."

"எவன் வீட்டு மணியோ."

"ஜெயராணி ஏன் போன எடுக்கல? நான் எழுதுனது பலிச்சிருச்சுண்ணே. பதினோரு வருஷமா அத அழிக்காம வச்சிருந்தேன்ல, அது பலிச்சிருச்சு."

கூறு கெட்டவனே என்று கத்திவிட்டுப் போனைப் பிடுங்கினேன். அதற்குள் நின்றுவிட்டது. திருப்பி அடித்தேன், பிசி. அவனைத் திட்டத் திட்ட அந்தப் பயம் என் மேலும் ஒட்டிக்கொண்டது.

"வா, ஆவூருக்குப் போவோம். அந்தப் பொண்ண நேர்ல பாத்துப் புருஷன்கிட்ட பேச வைப்போம். ஒனக்கு வண்டி ஓட்டுற நெலம இல்ல, பின்னாடி ஏறு" என்றேன். இரண்டு கடையும் திறந்தபடி கிடந்தன. ஷட்டரை ஒரு தடவைகூட இழுக்காமல் அவன் ஏறி உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

விராலிமலை தாண்டியதும் ரோட்டில் ஐந்தாறு மயில்கள் குறுக்கே நின்றன. ஹாரன் அடித்து நின்றபோது, என் முதுகுக்குப் பின்னால் அவன் முணுமுணுத்து ஜெபம் சொல்வது கேட்டது. 'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக' என்ற இடத்திலேயே திரும்பத் திரும்ப நின்றான். அவன் கைக்குள் போன் இரண்டு தடவை அடித்தது.

"யாரு, அலெக்ஸா?"

"உபதேசியார்."

"எடுக்கப் போறியா இல்லையா?"

அவன் போனை அணைக்கவில்லை. எடுக்கவும் இல்லை. வண்டியை நிறுத்தி நானே எடுத்திருக்கலாம். நிறுத்தவில்லை. அவன் எழுதியது பலித்திருந்தால் அதை என் காதால் கேட்க எனக்கு மனமில்லை.

ஊர் எல்லையில் திரும்பியதும் சத்தம் வந்தது. காலைப் பூசைக்கு அடிக்கிற மணி என்றால் தொடர்ந்து அடிக்கும். இது ஒன்று அடித்து, நிறுத்தி, காது ஓய்ந்த பிறகு அடுத்ததை அடித்தது. என் தோளைப் பிடித்திருந்த அவன் கை இறுகியது. வலித்தது, விடச் சொல்லவில்லை.

கோயில் தெருவில் ஒரு வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வண்டியில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஜெரால்டு ஓடுகிற வண்டியில் இருந்தே காலை ஊன்றினான். நான் சமாளித்து நிறுத்துவதற்குள் தெருவில் உட்கார்ந்துவிட்டான். அப்போது அந்த வீட்டுக்குள் இருந்து ஒரு பெண் காலிக் குடத்தோடு வெளியே வந்தார். முந்தானையை இடுப்பில் சொருகியிருந்தார். இடது கால் மட்டும் லேசாகச் சாய்ந்தது, பாம்பு கடித்த கால்.

"என்னண்ணே தெருவுல ஒக்காந்துட்டீங்க? பங்கிராஸ் பெரியப்பாவுக்கு வந்தீங்களா? விடியக்காலம்தான் போனாரு. ஒங்களுக்குப் போன் அடிச்சு அடிச்சு உபதேசியார் சலிச்சுப்போயிட்டாரு" என்றார் ஜெயராணி.

ஜெரால்டு கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்டபடியே அழுதான். நான்தான் நடந்ததைச் சொன்னேன். ஜெயராணி குடத்தை அங்கேயே வைத்தார்.

"போனு வீட்டுல சார்ஜுல கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அப்புறம் ஓடினார், நாங்களும் பின்னால் ஓடினோம்.

வீட்டில் போனை எடுத்துப் பார்த்தபோது ஜெரால்டின் தவறிய அழைப்புகளுக்கு நடுவே, தெரியாத ஒரு குவைத் நம்பரில் இருந்து பதினாறு அழைப்புகள் இருந்தன. அந்த நம்பர் யாருடையது, எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று மூன்று பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. ஜெயராணி திருப்பி அடித்து ஸ்பீக்கரில் போட்டார். ரிங் போனது. எடுத்தார்கள். எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"ஏங்க" என்றார் ஜெயராணி.

"பேசு."

"பேசிக்கிட்டுத்தான இருக்கேன்."

"இன்னும் பேசு." அலெக்ஸ்தான்.

ஜெயராணி பேசினார். பங்கிராஸ் பெரியப்பா இறந்தது, தான் அங்கே தண்ணீர் எடுத்துக் கொடுத்தது, பசு இன்னும் கறக்காமல் நிற்பது என்று வாயில் வந்ததை எல்லாம் சொன்னார். ஜெரால்டு சுவரோடு ஒட்டி நின்றான். பிறகு அலெக்ஸ் பேசினார்.

"முப்பத்தி நாலுன்னு போட்டிருந்துச்சு. பழசுன்னு எனக்குத் தெரியும். ஆனா போனு கைய விட்டு விழுந்து நொறுங்கிப்போச்சு. ரூம்காரன் போன்ல கூப்புட்டேன். பழசுதான், பழசுதான்னு சொல்லிக்கிட்டே கூப்புட்டேன். நீ எடுக்கல."

ஜெயராணி ஜெரால்டைத் திரும்பிப் பார்த்தார். "என்ன எழுதியிருக்குன்னு காட்டுங்கண்ணே. நான் படிச்சதே இல்ல."

அவன் போனை நீட்டினான். தன் சாவுச் சேதியை அவர் நின்றபடி படித்தார். நாலு வரிக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"இத எதுக்கு வச்சிருந்தீங்க?"

"நான் பண்ணுன பாவம்மா. மறந்துரக் கூடாதுன்னு பெரிய வெள்ளிக்குப் பெரிய வெள்ளி எடுத்துப் படிப்பேன்."

"நான் செத்தத நீங்க வருஷா வருஷம் படிச்சிருக்கீங்க. சரி. நான் பொழச்சு வந்தேனே, அதுக்கு ஒரு சேதி போட்டீங்களா?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. எடுத்து ஒளித்து வைத்தானே தவிர, தவறு என்று ஒரு வரி அவன் எழுதவே இல்லை. வெட்கத்தில் விட்டுவிட்டான். பதினோரு வருடமாகப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்த எனக்கும் அது தோன்றியதில்லை.

"போடல" என்றார் அலெக்ஸ், ஸ்பீக்கரில். பதினோரு வருடத்தில் ஜெரால்டிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. "அடக்கம் பின்னர் அறிவிக்கப்படும்னு போட்டிருந்தீங்க. அந்தப் பின்னர் வரும், அதுல அவ இருக்கான்னு எழுதுவீங்கன்னு தெனம் தொறந்து பாப்பேண்ணே. அதுக்குத்தான் பேர எடுக்காம இருந்தேன். ஊரு பூரா இருக்கான்னு சொல்லிச்சு. செத்துட்டான்னு சொன்னது நீங்க. நீங்க சொல்லல."

ஜெரால்டு அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து போனில் புதுத் தளத்தைத் திறந்தான். மூன்று தடவை அடித்து அழித்தான். 'ஆவூர் அலெக்ஸ் அவர்களின் மனைவி ஜெயராணி (45) உயிருடன் நலமாக இருக்கிறார்' என்று எழுதிப் படித்துக் காட்டினான்.

"நலம் என்னத்த நலம், கால் வலி உயிரெடுக்குது. உயிருடன் இருக்கிறார்னு மட்டும் போடுங்க" என்றார் ஜெயராணி.

'நலமாக' என்பதை எடுத்தான். '2013-ல் வந்த அறிவிப்பு தவறு. எழுதியவன் ஜெரால்டு' என்று சேர்த்தான். வழக்கம்போல அவரையே மூன்று முறை படிக்கச் சொன்னான். அவரும் சலிக்காமல் மூன்று முறை படித்தார். மெயில் போகாது, தளத்தில் மட்டும்தான் வரும் என்று அலெக்ஸிடம் சொன்னான்.

"போடுங்க. நான் தொறந்து பாக்குறேன்."

போட்டான். குவைத்தில் யாரிடமோ போன் திரையைக் கீழே தேய்த்துப் பார்க்கச் சொல்கிற பேச்சு கேட்டது. இன்னும் வரவில்லை என்றார்கள். ஜெரால்டு கண்ணை மூடிக்கொண்டான். கோயில் மணி இன்னொன்று அடித்தது.

"வந்துருச்சு" என்றார் அலெக்ஸ். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாக, தன் மனைவி உயிருடன் இருக்கிறார் என்று படித்தார். ஜெயராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். படித்து முடித்ததும் அலெக்ஸ் போனை வைத்துவிட்டார்.

ஜெரால்டின் போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தான். ஜன்னல் வழியாகவும் போன் வழியாகவும் அதே மணி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது.

"கேக்குது உபதேசியாரே" என்றான். "பங்கிராஸுக்கு வயசு என்ன, சரியாச் சொல்லுங்க."